நிச்சயதார்த்தத்தில் 'ரெண்டு வார்த்தை': மனசிலிருந்து பேச ஒரு முழு வழிகாட்டி

அக்காவின் நிச்சயதார்த்தத்தில் நான் பேசியது பதினொரு நிமிடம். பிறகு வீடியோவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பேசும்போது நாலு நிமிடம் மாதிரிதான் இருந்தது. ஏ4 தாளில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். குழந்தைப் பருவம், பள்ளிக்கூடம், கல்லூரி, வேலை என்று அக்காவின் வாழ்க்கை வரலாறு. இரண்டாவது பக்கம் முடியும் நேரம், மூன்றாவது தாள் கையிலிருந்து நழுவி மேடைக்கு அடியில் போய்விட்டது. என்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன்: "அக்கா யார்கிட்ட போன் பேசினாலும் வீடு முழுக்க நடந்துக்கிட்டேதான் பேசுவா. இவர்கிட்ட பேசும்போது மட்டும் ஒரே இடத்துல உட்கார்ந்து பேசுறா. ஆறு மாசமா பார்க்குறேன்."

கூட்டம் சிரித்தது. அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றுவரை அந்தப் பேச்சில் எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த மூன்று வாக்கியம் மட்டும்தான். எழுதி வைத்த நாலு பக்கத்தில் அது இல்லவே இல்லை.

அதன் பிறகு நண்பர்கள் வீட்டிலும் உறவுக்காரர்கள் வீட்டிலும் ஏழெட்டு முறை பேசியாயிற்று. சிலருக்கு எழுதியும் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த நழுவிய தாள்தான். நிச்சயதார்த்தத்தில் மைக்கைப் பிடிப்பவர் சாட்சி சொல்ல வந்தவர். இந்த இருவரையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர், பார்த்ததை எல்லோர் முன்னாலும் சொல்கிறார். சாட்சிக்கு அலங்காரம் வேண்டாம். ஆனால் உண்மையிலேயே எதையாவது பார்த்திருக்க வேண்டும்.

கல்யாணப் பேச்சு வேறு, இது வேறு

இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வந்திருப்பவர்களில் ஒரு பாதிக்கு மறுபாதியைத் தெரியாது. இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் இன்னும் எடை போட்டுக்கொண்டிருக்கும் நேரம். 'இவங்க ஆளுங்க எப்படி?' என்று மனசுக்குள் ஓடும் கேள்விக்கு உங்கள் பேச்சும் ஒரு பதிலாகப் போய்ச் சேரும். கல்யாணத்துக்குள் எல்லோரும் பழகிவிடுவார்கள். அன்று சிரிப்பாகப் போகும் கிண்டல் இன்று முகத்தைச் சுளிக்க வைக்கும்.

இல்லற அறிவுரை, குழந்தை குட்டி பற்றிய பேச்சு, 'இன்னியோட உன் சுதந்திரம் போச்சு' வகையறா ஜோக்குகள் ஆகியவற்றை இப்போதே மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் 'சரி' சொல்லியிருக்கிறார்கள். இன்றைய சேதி அவ்வளவுதான். அந்தச் 'சரி' ஏன் சரியென்று உங்களுக்குப் படுகிறது என்பதைச் சொல்லத்தான் நீங்கள் எழுந்திருக்கிறீர்கள்.

நல்ல கதையைக் கல்யாணத்துக்கென்று பத்திரப்படுத்தி, இங்கே சுமாரானதைச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் செய்வதில்லை. இருப்பதில் நல்லதை இன்றே சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்குள் இன்னொன்று கிடைக்காமலா போய்விடும்?

படி 1: எத்தனை நிமிடம் என்று கேட்டு வாங்குங்கள்

'ரெண்டு வார்த்தை பேசுங்க' என்றால் ரெண்டு நிமிடமா, பத்து நிமிடமா என்று அழைத்தவருக்கே தெரியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். மொத்தம் எத்தனை பேர் பேசுகிறார்கள்? எனக்கு முன்னால் யார்? சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? மைக் உண்டா? கூட்டத்துக்கு எந்த மொழி புரியும்? நாலைந்து கேள்வி, ஒரு போன் அழைப்பில் முடிந்துவிடும்.

நண்பர், உடன்பிறந்தவர், பெற்றோர், யாராக இருந்தாலும் மூன்று நிமிடம் போதும். ஐந்தைத் தாண்டக் கூடாது. ஓர் அளவுகோல் சொல்கிறேன். மேடையில் சிரிப்புக்கும் மூச்சுக்கும் இடம்விட்டு நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 90 தமிழ்ச் சொல்தான் வருகிறது. அந்தக் கணக்கில் மூன்று நிமிடம் என்றால் 270 சொல். கையால் எழுதினால் ஒன்றரைப் பக்கம். என் நாலு பக்கத்தின் கதி ஏன் அப்படி ஆயிற்று என்று இப்போது புரியும்.

படி 2: பார்த்ததைத் தேடி எடுங்கள்

வேலையே இங்கேதான். நல்ல பேச்சுக்கும் சாதாரணப் பேச்சுக்கும் உள்ள வித்தியாசத்தில் முக்கால்வாசி, பேனாவை எடுப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

குறைந்தது பத்து நாளைக்கு முன்பே போனில் ஒரு குறிப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் போகும்போது, பாத்திரம் கழுவும்போது அந்த இருவரைப் பற்றி எது நினைவுக்கு வந்தாலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். வாக்கியம் அழகாக இருக்க வேண்டியதில்லை. 'போன் பேசும்போது உட்காருகிறாள்' என்ற அளவில் இருந்தால் போதும். உட்கார்ந்து யோசித்தால் 'அன்பானவள், பொறுப்பானவள், எல்லோருக்கும் உதவுபவள்' என்றுதான் வரும். அந்த மாதிரிச் சொற்களை யாருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். அடுத்த மண்டபத்தில் நடக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் அதே தாளை எடுத்துக்கொண்டு போகலாம்.

நினைவு தானாக வராவிட்டால் இந்தக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்.

இந்த ஆள் உங்கள் வாழ்க்கைக்குள் வந்த முதல் நாளில் என்ன செய்துகொண்டிருந்தார்? அவரிடம் உங்களுக்கு எரிச்சலூட்டிய பழக்கம் எது? (சிரிப்பு பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்பும்.) யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவர் செய்த நல்ல காரியம் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தத் துணையின் பெயரை அவர் வாயால் முதன்முதலில் கேட்டது எப்போது, எப்படிச் சொன்னார்? கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: அந்தப் பெயர் வந்த பிறகு அவரிடம் மாறிப்போன ஒரு சின்ன விஷயம் என்ன?

கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பேச்சு தயார். மாற்றம் பெரிதாக இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். 'இவள் வந்த பிறகு அவன் வாழ்க்கையே மாறிவிட்டது' என்பதை யாரும் நம்பப்போவதில்லை; கூடவே, முன்பு அவன் வாழ்க்கை சரியில்லை என்ற அர்த்தமும் ஒட்டிக்கொள்ளும், அதை அவன் அப்பா அம்மாவும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கண்ணால் காணக்கூடிய சின்ன மாற்றம்தான் வேண்டும். செருப்பை ஒழுங்காக விடுகிறான். போன் வந்தால் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்துவிட்டு எடுத்தவள், இப்போது பாதியிலேயே எழுந்துவிடுகிறாள். இந்த அளவுக்குச் சின்னதாக.

வீட்டில் பார்த்துப் பேசி முடித்த சம்பந்தமா? இருவரும் சந்தித்தே சில வாரங்கள்தான் ஆகிறதா? அப்போதும் இது செல்லும். முதல் சந்திப்புக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் அவர் என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், வழக்கத்துக்கு மாறாக என்ன செய்தார் என்று யோசியுங்கள். 'எப்படி இருந்துச்சு?'ன்னு கேட்டதற்கு 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தானாக வந்து விவரமாகச் சொன்னார் என்றால், அதுவே கதை.

படி 3: கத்தரி போடுங்கள், அதையும் கேட்டுப் போடுங்கள்

ஒருமுறை நண்பன் ஒருவனுக்காகப் பேசும்போது, 'மூணு வருஷமா இவங்க ரெண்டு பேரையும் பார்க்குறேன்' என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். பெண் வீட்டில் சொல்லியிருந்தது ஒரு வருஷக் கணக்கு. பெண்ணின் பெரியப்பா முன்வரிசையில் விரல் விட்டு எண்ணியதை மேடையிலிருந்தே பார்த்தேன். அன்றைக்கு அது சிரிப்போடு போனது, என் சாமர்த்தியத்தால் இல்லை, அவருடைய பெருந்தன்மையால்.

அதனால் எழுதும் முன்பே, நிச்சயமாகப்போகும் இருவரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எதைச் சொல்லக் கூடாது?" எதைச் சொல்லலாம் என்று கேட்டால் 'உன் இஷ்டம்' என்பார்கள். கூடாததைக் கேட்டால் பட்டியல் வரும். எப்போது, எங்கே, எப்படிச் சந்தித்தார்கள் என்ற கதையில் வீட்டுக்குத் தெரிந்த பதிப்பு எது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்காமலேயே வெட்ட வேண்டியவை: பழைய காதல் (ஜாடையாகக் கூட), உடல் எடை, நிறம், சம்பளம், கடன், கொடுக்கல் வாங்கல், மதிப்பெண், வேலை போன கதை, முன்பு தட்டிப்போன வரன்கள், வீட்டுச் சண்டை. இரண்டு குடும்பத்தையும் ஒப்பிட்டு 'அவங்க பெரிய இடம், நாங்க சாதாரணம்' என்று தாழ்ந்து பேசுவதும் வேண்டாம். பணிவு என்று நினைத்துச் சொல்வது உங்கள் வீட்டாரைக் குத்தும்.

கிண்டலுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். அந்த ஜோக்கை, கிண்டலுக்கு ஆளாகும் நபரின் வருங்கால மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, நேராக அவரிடமே சொல்ல முடியுமா? முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஐந்து துண்டாக அடுக்குங்கள்

முதல் துண்டு, நீங்கள் யார். ஒரே வாக்கியம். மறுபாதிக் கூட்டத்துக்கு உங்களைத் தெரியாது. தெரியாதவரின் சாட்சியம் எடுபடாது. 'நான் மாப்பிள்ளையோட ரூம்மேட், நாலு வருஷம்' என்றால் போதும். மேடையில் இருக்கும் பெரியவர்களை ஒவ்வொருவராக விளித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆகிவிடும். 'ரெண்டு வீட்டுப் பெரியவங்களுக்கும் வணக்கம்' என்று சேர்த்துச் சொல்லுங்கள், யாரும் விட்டுப்போக மாட்டார்கள்.

இரண்டாவது, உங்களுக்குத் தெரிந்தவரின் பழைய முகம். எரிச்சலூட்டும் பழக்கம், முதல் சந்திப்பு, எதுவானாலும் ஒரே ஒரு காட்சி.

மூன்றாவது, மாற்றம். படி இரண்டில் தேடி எடுத்தது. இந்த இடத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். 'இதிலிருந்து என்ன தெரியுதுன்னா...' என்று தொடங்கினால் காட்சி செத்துவிடும். கேட்பவர்களே புரிந்துகொள்ளட்டும், அந்த ஒரு நொடி மௌனத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

நான்காவது, மற்றவர் பக்கம் திரும்புவது. என்னிடம் எழுதிக் கேட்டு வந்த அத்தனை பேரும் மறந்த துண்டு இது. தன் தோழியைப் பற்றி மூன்று நிமிடம் உருகிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை 'நல்லா பார்த்துக்கோங்க' என்ற ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். அவர் குடும்பம் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறது! அவரை உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, பார்த்த மூன்று தடவையில் கவனித்த ஒன்றைச் சொல்லுங்கள். குறைவாகத் தெரிந்தும் கவனித்திருக்கிறார் என்பதே அந்த வீட்டாருக்கு நிறைவாக இருக்கும். எதையுமே கவனிக்கவில்லையா? விழாவுக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் அவரோடு பேசிப் பாருங்கள், ஏதாவது அகப்படும்.

ஐந்தாவது, வாழ்த்து. இரண்டு வரி. சொன்ன காட்சியில் இருந்த ஒரு பொருளையோ சொல்லையோ திரும்பத் தொட்டு முடித்தால், பேச்சு முடிந்தது என்று கூட்டத்துக்குத் தானாகவே தெரியும்.

இணையத்தில் கிடைக்கும் காதல் மேற்கோளை முதல் வரியாக வைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் பேசுபவரும் அதே மேற்கோளை எடுத்திருக்கக்கூடும். எனக்கு நடந்திருக்கிறது.

படி 5: பேசுகிற தமிழில் எழுதுங்கள்

தமிழில் எழுதும் கை வேறு, பேசும் வாய் வேறு. 'அவர்கள் இருவரும் இன்று போல் என்றும் இணைந்திருக்க வேண்டும் என வாழ்த்துகிறேன்' என்று தாளில் எழுதினால் மேடையில் அப்படியே வாசிப்பீர்கள். உங்கள் குரல், செய்தி வாசிப்பாளர் குரலாக மாறும். உங்கள் நண்பன் உங்களை யாரோ என்பதுபோலப் பார்ப்பான். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே எழுதுங்கள்: வந்திருக்காங்க, பார்த்தேன், சொன்னான், எனக்குத் தெரியல.

ஒரு குறுக்கு வழி: எழுதாதீர்கள். போனில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் அந்தக் கதையைச் சொல்லுங்கள். பிறகு கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே தாளில் இறக்குங்கள். திருத்துவதெல்லாம் நீளத்தை மட்டும்.

நீ, நீங்க பிரச்சினையையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது 'டேய்' போட்டுப் பேசும் நண்பனை மேடையில் 'அவர்' என்றால் செயற்கையாக இருக்கும், 'டா' போட்டால் அவன் வருங்கால மாமனாருக்கு உறுத்தும். நடுவழி இருக்கிறது: அவனைப் பற்றிக் கூட்டத்திடம் பேசும்போது 'இவன்', அவனிடமே திரும்பிப் பேசும் ஓரிரு வரியில் 'நீ', 'டா' வேண்டாம். துணைவராகப் போகிறவருக்கு எப்போதும் 'நீங்க', அவர் உங்களைவிட வயதில் சின்னவராக இருந்தாலும். தம்பி தங்கை பேசுவதென்றால் கூச்சம் வேண்டாம், 'அக்கா', 'அண்ணா' என்று வழக்கப்படியே விளியுங்கள். அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பாசம் வந்துவிடும்.

நண்பனுக்காக நான் பேசிய ஒன்றை, பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன். எந்தத் துண்டு எங்கே இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு வீட்டுப் பெரியவங்களுக்கும் வணக்கம். நான் மாப்பிள்ளையோட ரூம்மேட். நாலு வருஷம் ஒரே ரூம்.

இந்த நாலு வருஷத்துல இவன் ஒரு குடை வாங்கினது இல்ல. மழை வந்தா என் குடையை எடுத்துட்டுப் போவான். போறப்ப குடையோட போவான், வர்றப்ப நனைஞ்சுக்கிட்டு வருவான். மூணு குடை தொலைச்சிருக்கான். மூணும் என்னோடது. மாமா, உங்க கிட்ட குடை இருந்தா பத்திரம்.

போன மாசம் இவன் பையில சார்ஜர் தேடினேன். உள்ள ரெண்டு குடை இருந்துச்சு. எனக்கு நம்பவே முடியல. 'எதுக்குடா ரெண்டு?'ன்னு கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கல. 'அவ மறந்துடுவா'ன்னான்.

உங்களை நான் மூணு தடவைதாங்க பார்த்திருக்கேன். முதல் தடவை பார்த்தப்ப, இவன் ரயிலை விட்ட கதையைச் சொல்லிட்டிருந்தான். எனக்கு அது இருபதாவது தடவை. நான் போனைப் பார்த்துட்டிருந்தேன். நீங்க மட்டும், 'போன தடவை வேற மாதிரி முடிச்சியே'ன்னு கேட்டீங்க. நாலு வருஷத்துல அந்தக் கதையை ஒழுங்கா கேட்ட முதல் ஆள் நீங்கதான்.

ரெண்டு பேரும் நல்லா இருங்க. ரெண்டு குடையும் பத்திரமா இருக்கட்டும். ஒண்ணு தொலைஞ்சாலும் பரவாயில்ல, ஒண்ணுலயே வந்துடுங்க."

நூற்றிச் சொச்சம் சொற்கள்தான். ஆனால் சிரிப்பு அடங்கக் காத்திருந்ததில் இரண்டு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. 'அன்பு' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

படி 6: ஒத்திகை

வாய்விட்டு, நின்றுகொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஐந்து நாள். கடைசி இரவில் பத்து முறை உருப்போடுவதைவிட இது நன்றாகப் பதியும். இடைவெளி விட்டுப் படிப்பது மனதில் நிற்கும் என்பது நினைவாற்றல் ஆய்வில் பழைய உண்மை.

முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் தண்டவாளத்திலிருந்து இறங்கிய ரயில் மாதிரி ஆகிவிடும். மனப்பாடமாக இருக்க வேண்டியவை இரண்டே: முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும். நடுவில் இருப்பதெல்லாம் உங்களுக்கு நடந்தது, அதற்கு எதற்கு மனப்பாடம்?

கையில் தாள் வேண்டாம், தடித்த அட்டை வேண்டும். கை நடுங்குவது சாதாரணம். மெல்லிய தாள் அந்த நடுக்கத்தைப் பத்து மடங்காக்கிக் கடைசி வரிசை வரை காட்டும். உள்ளங்கை அளவு அட்டை, அதில் ஐந்து குறிப்பு, பெரிய எழுத்தில். என் அட்டையில் இருந்தது: ரூம்மேட், மூணு குடை, ரெண்டு குடை, ரயில், வாழ்த்து. போனைப் பார்த்துப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரை அணையும், குறுஞ்செய்தி வந்து விழும், முக்கியமாக, நீங்கள் யாருக்கோ பதில் போட்டுக்கொண்டே பேசுவது போல இருக்கும்.

படி 7: பதற்றமும் தொண்டை அடைப்பதும்

இதயம் படபடக்கும், வாய் வறளும், உள்ளங்கை வியர்க்கும். அட்ரினலின் செய்யும் வேலை. அதை அடக்கப் பார்த்தால் இன்னும் முறைக்கும். 'அமைதி, அமைதி' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைவிட 'எனக்கு உற்சாகமா இருக்கு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனவர்களின் பேச்சு நன்றாக இருந்ததாக, ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. படிக்கும்போது அசட்டுத்தனமாகத் தோன்றியது. கழிவறைக் கண்ணாடி முன்னால் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், அதிலிருந்து விடாமல் சொல்கிறேன்.

இன்னொன்று. உள்ளே நடக்கும் கலவரம் வெளியே தெரிகிறது என்று நினைக்கிறோமே, அதில் பெரும்பகுதி தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2003-ல் இதைச் சோதித்தார்கள். 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியாது' என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், அதைத் தெரிந்துகொண்டதாலேயே மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். எனவே 'எனக்கு ரொம்ப பதட்டமா இருக்கு, மன்னிச்சுக்கோங்க' என்று ஆரம்பிக்காதீர்கள். யாரும் கவனிக்காத ஒன்றை நீங்களே விரல் நீட்டிக் காட்டுவானேன்?

பேசப் போகும் முன் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நாலு எண்ணி இழுத்தால் ஏழெட்டு எண்ணி விடுங்கள். மூச்சை வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு சற்றுக் குறையும்.

அழுகை வந்தால்? வரட்டும். ஆனால் தொண்டை அடைத்துக்கொண்டால் பேச முடியாது. உணர்ச்சி பொங்கும்போது நிறையக் காற்று போவதற்காகக் குரல்வளை வாய் திறந்தே இருக்கப் பார்க்கும். விழுங்கும்போதோ அது மூடியாக வேண்டும். இந்த இழுபறியைத்தான் தொண்டையில் உருண்டை அடைப்பது போல உணர்கிறோம். அந்த நேரத்தில் அடுத்த வாக்கியத்தைத் தள்ளிக்கொண்டு வரப் பார்க்காதீர்கள். நிறுத்துங்கள். ஒரு வாய் தண்ணீர், அறைச் சூட்டில் இருப்பது. மெதுவாக ஒரு மூச்சு. பிறகு உங்களை அழவைக்காத ஒரு முகத்தைப் பார்த்துத் தொடருங்கள். அம்மாவைப் பார்க்காதீர்கள், எங்கள் வீட்டில் அது ஒருபோதும் வேலை செய்ததில்லை. நீங்கள் நிறுத்திய ஐந்து நொடி உங்களுக்கு ஐந்து நிமிடமாகத் தெரியும். கூட்டத்துக்கு அதுதான் பேச்சின் நல்ல பகுதி.

எந்த வரியில் உடைவீர்கள் என்று ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் அட்டையில் 'மூச்சு' என்று சிவப்பில் எழுதி வையுங்கள்.

படி 8: மைக்கைப் பிடித்த பிறகு

ஊதாதீர்கள், தட்டாதீர்கள். 'வணக்கம்' என்று சொன்னால் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில், முகவாய்க்கு நேராகச் சற்றுக் கீழே, சாய்வாகப் பிடியுங்கள். நேராக வாய்க்கு முன்னால் பிடித்தால் 'ப' வரும் இடத்திலெல்லாம் காற்று மோதி வெடிக்கும். மைக்கின் தலையில் இருக்கும் வலைப்பகுதியைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். அதன் சத்தம் மைக்குக்குள் புகுந்து மறுபடி பெருகி வரும்போதுதான் காதைக் கிழிக்கும் அந்தக் 'கீச்' வரும். வந்துவிட்டால் இரண்டடி நகர்ந்து, மைக்கை ஸ்பீக்கர் பக்கமிருந்து திருப்பினால் பெரும்பாலும் நின்றுவிடும். மைக் கையிலேயே இருக்கும்போது பக்கத்தில் திரும்பி யாரிடமாவது பேசினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும்.

மைக் இல்லாத சின்னக் கூடம் என்றால் கத்த வேண்டாம். கடைசி வரிசையில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் சொல்வது போலச் சொல்லுங்கள், குரல் தானாக உயரும்.

முதல் வாக்கியத்தைக் கூட்டத்துக்குச் சொல்லுங்கள். மாற்றத்தைச் சொல்லும் வாக்கியத்தை அந்த இருவரையும் பார்த்துச் சொல்லுங்கள். இந்த ஒரே ஒரு திருப்பம் போதும். மேடை முழுக்க நடப்பதும் கையை வீசுவதும் தேவையில்லை. சிரிப்பு வந்தால் அடங்கும்வரை நில்லுங்கள். எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வரவில்லையென்றால், வராதது போலவே அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். ஜோக்கை விளக்கத் தொடங்கியவர் யாரும் தப்பியதில்லை.

யார் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்து

பெற்றோருக்கு ஒரு கூடுதல் கடமை இருக்கிறது, வரவேற்பு. சம்பந்தி வீட்டாருக்கு நன்றி, வந்தவர்களுக்கு நன்றி, பிறகு பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு காட்சி. பிறந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். வரப்போகும் மருமகனையோ மருமகளையோ பெயர் சொல்லி, நேராகப் பார்த்து, 'எங்க வீட்டுக்கு வா' என்று சொல்லும் ஒரு வரியை மட்டும் தவறவிடாதீர்கள். 'எங்க பொண்ணைக் கண்கலங்காம பார்த்துக்கோங்க' என்பது வழிவழியாக வரும் வரிதான். இருந்தாலும் அதில் ஒரு சந்தேகத்தின் வாடை இருக்கிறது. 'நீங்க இருக்கும்போது அவ முகம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டுதான் இருக்கோம்' என்று சொல்லிப் பாருங்கள், அதே அக்கறை, கேட்பவருக்கு வேறு மாதிரி போய்ச் சேரும்.

நிச்சயமாகும் இருவரே பேசுவதென்றால் ஒன்றரை நிமிடம். ஒருவர் இரண்டு குடும்பத்துக்கும் நன்றி சொல்லட்டும், இன்னொருவர் வந்தவர்களுக்கு. துணையைப் பற்றித் தனிமையில் சொல்ல வேண்டியதைத் தனிமையில் சொல்லிக்கொள்ளலாம். மேடையில் சொல்ல ஒரு வரி போதும், அதுவும் துணையிடம் முன்பே சொல்லிவைத்த வரியாக இருக்கட்டும். கூட்டத்தின் முன் திடீரென்று உருகினால் பக்கத்தில் இருப்பவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது.

திடீரென்று உங்கள் கையில் மைக்கைத் திணித்துவிட்டார்களா? மூன்று வாக்கியம். நான் இன்னார். இவரிடம் நான் பார்த்தது இது. ரெண்டு பேரும் நல்லா இருங்க. முப்பது நொடியில் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, யாருடைய நிச்சயதார்த்தத்துக்குப் போனாலும் போகும் வழியில் 'நான் பார்த்தது' ஒன்றை யோசித்து வைத்துக்கொண்டுதான் போகிறேன். பெரும்பாலும் யாரும் கூப்பிடுவதில்லை. அப்போது சாப்பிடும் இடத்தில் அந்த இருவரிடமும் நேரிலேயே சொல்லிவிடுவேன்.

பேசி முடித்ததும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கீழே தேதியைப் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். குடைக்காரன் என் அட்டையை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறான். 'ரெண்டு குடை'க்குப் பக்கத்தில் சிவப்பில் 'மூச்சு' என்று எழுதியிருக்கிறதே, நான் அவனுக்காக அழப்பார்த்ததற்கு எழுத்து மூலமான ஆதாரம் அது ஒன்றுதானாம்.